மர விசிறியில் ஒரு கீறல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஷெட்டில் தாவீது போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்கிக்கொண்டிருந்தான். முதுகில் இன்ஜினைக் கட்டிக்கொண்டு பாராசூட்டில் பறந்து விளம்பரத் துணி காட்டுவார்களே, அந்த இன்ஜின். அதன் பின்னால் மாட்டும் மர விசிறியை ஒழுங்காகப் பூட்டிக் காட்டினால் வேலை பெர்மனென்ட் என்று முதலாளி சொல்லியிருந்தார். கான்ட்ராக்ட்டிலேயே காலம் தள்ளியவனிடம் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை.

எளாவூர் செக்போஸ்ட் ஓரம் லாரி வீல் மாட்டிப் பழகிய கை அது. அங்கே ஸ்பேனரில் பைப்பைச் சொருகி, மேலே ஏறி நின்று முடுக்கினால்தான் டிரைவர் நம்பி வண்டியை எடுப்பான். தாவீது இங்கேயும் பைப்பைச் சொருகினான். இரும்பு தாங்கும், மரம் தாங்கவில்லை. மளுக்கென்று ஒரு சத்தம். போல்ட் ஓட்டையிலிருந்து மயிரிழையாக ஒரு கீறல் ஓடியிருந்தது.

சொன்னால் பெர்மனென்ட் போய்விடலாம். ஆனாலும் மறைக்காமல் முதலாளியிடம் போய்ச் சொன்னான். அந்தமட்டும் நல்ல புத்தி. வேறு விசிறி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பறந்தே ஆக வேண்டும் என்றார் அவர்.

“பெயின்ட் அடிச்சி மூடு. இஜாஸ்கிட்ட நான் சொல்லிக்கறேன்.”

பறக்கப்போகிற இஜாஸ் பழவேற்காட்டுக்காரன். மாலையில் வந்து, பெயின்ட் அடித்து மூடிய விசிறியோடு இன்ஜினை முதுகில் மாட்டிக்கொண்டான்.

“இன்னாண்ணே, நல்லா டைட்டா கீதா?”

முதலாளி பக்கத்திலேயே நின்றார். கீறலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பது இஜாஸ் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது.

“கீதுப்பா” என்றான் தாவீது.

தரையில் நின்று சோதனைக்காக வேகம் கூட்டும்போதே விசிறி உடைந்தது. தெறித்த துண்டு, ஆக்சிலேட்டரைப் பிடித்திருந்த கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோனது.

அந்த ஒரு வார்த்தையை நினைத்து நினைத்து தாவீதுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் உண்மையைச் சொல்லிவிடத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனான். முதலாளி முந்திக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

“பூட்டுனதுல தப்பே இல்லியாம்ணே. நான்தான் ஒரேடியா வேகம் குடுத்துட்டேனாம்” என்றான் இஜாஸ். “கை ஆறுனதும் வந்துர்றேன்னு நீ ஒரு வார்த்த சொல்லுண்ணே. வேற ஆள வெச்சிடப் போறாரு.”

இஜாஸின் அம்மா ஷமீமா தாவீதுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். விசிறி வீணானதற்குத் தன் மகன்மேல் முதலாளி கோபம் வைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும்படி கெஞ்சினாள். பிறகு மகனுக்கு வாங்கிவந்திருந்த டீயை டம்ளரில் ஊற்றி, முதலில் தாவீதிடம் நீட்டினாள்.