நாற்பத்தைந்தில் நின்ற வயது

ஒரு புட்டி மனித ரத்தம் இருபது ரூபாய். துறைமுகத்தில் கப்பல் வெடித்த அந்த 1944 ஏப்ரல் வாரத்தில் இருநூறு கொடுத்தாலும் பம்பாயில் கிடைக்கவில்லை. தாராவித் தோல் மண்டி கணேசபாண்டியன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேச வழியில்லாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றார். உள்ளே அவருடைய இரண்டாம் தாரம் தங்கத்தாய் பிள்ளை பெற்று, உதிரம் நிற்காமல் வெளுத்துக்கொண்டிருந்தாள்.

"அரை மணிக்குள்ளே ரத்தம் ஏத்தணும். உங்க ரெண்டு பேரோடதும் சேர்றது. யார் குடுக்கறேள்?" என்றார் டாக்டர் அனந்தநாராயணன்.

மாமனார் மாசானம் வாய் திறக்குமுன் கணேசபாண்டியன் கையை நீட்டினார். "புருசன் நான் இருக்கேன்லா. எடும்."

"வயசு?"

"நாப்பத்தஞ்சு."

இரண்டு வருஷத்துக்கு முன் பெண் கேட்கப் போனபோதும் அதே நாற்பத்தைந்துதான். யுத்த காலத்தில் ஏறாத சரக்கு அது ஒன்றே. மை பூசிய மீசை அதற்குச் சாட்சி.

டாக்டர் பிரஷர் பார்த்தார். மறுபடி பார்த்தார். இமையை விலக்கினார், கருவிழியைச் சுற்றி முதுமையின் வெள்ளை வளையம்.

"மண்டித் தொழில்லே எத்தனை வருஷமா இருக்கேள்?"

எந்த வியாபாரிக்கும் நாக்கு தானாக நீளும் கேள்வி.

"மொத பிளேக் வந்த வருசமே எங்கய்யாகூட தோல் சொமந்தவன்லா நான்!"

"அது நாப்பத்தெட்டு வருஷம் ஆச்சே ஓய். பொறக்கறதுக்கு முன்னாடியே சுமந்தேளா?"

மாசானம் மருமகனையே பார்த்தார்.

"வயசு ஏற ஏற ரத்தக் குழாய் வெறைச்சுப் போயிடும். உமக்கு இருநூறு பிரஷர். ஒரு புட்டி எடுத்தா இதயம் தாங்காது."

"போனா போறேன். எடும் டாக்டர்!"

"நீர் விழுந்தா உம்மைப் பார்ப்பேனா, அவளைப் பார்ப்பேனா? நெஜத்தைச் சொல்லும்."

உள்ளிருந்து நர்ஸ் கத்தினாள்: "டாக்டர் சாப், ஜல்தி!"

"அம்பத்தெட்டு."

மாசானம் அதற்குள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருந்தார். "எனக்கு நாப்பத்தாறு. எடுங்கய்யா." பிறகு திரும்பினார். "என்னைய மாமா மாமான்னு கூப்பிட்டீரே வே, வாய் கூசலியா?"

விளக்கு வைக்கும் நேரத்தில்தான் தங்கத்தாய் கண் திறந்தாள். கணேசபாண்டியன் சாயா வாங்கிவந்து மாமனாரிடம் நீட்டினார்.

"மாமா..."

"பேசாதேயும். எம்மவளுக்கு இன்னைய வரைக்கும் நாப்பத்தஞ்சுன்னே சொல்லி அம்பத்தெட்டத் தள்ளிவிட்டீரு. உப்பக் கொறச்சுத் தின்னும், கோவத்த அடக்கும், உசுரோட கெடந்து அவ பாக்கியக் கட்டும்."

மாசானம் தந்தது: பெண் ஒன்று, ரத்தம் ஒரு புட்டி. கணேசபாண்டியன் தங்கத்தாய்க்குத் தரவேண்டிய பாக்கி: வருஷம் பதிமூன்று.