எக்ஸ்ரே அறையில் ஒரு கேள்வி

அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே கிங்ஸ்டனுக்கு வாழ்க்கை வெறுத்துப்போயிருந்தது. கதிர்வீச்சுப் பாதுகாப்புப் படிப்பின் செய்முறைப் பயிற்சிக்காகப் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். பம்பாயிலிருந்து வந்த வாத்தியார் அடித்துச் சொல்லியிருந்தார்: பெண்களுக்கு இடுப்பில், வயிற்றில் எக்ஸ்ரே என்றால், முழுகாமல் இருக்கிறாளா என்று கேட்காமல் பொத்தானைத் தொடாதே, கதிர் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். அவருக்கென்ன, சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார்! கல்யாணமாகாத இளவட்டம் இந்த ஊரில் அதைக் கேட்டால் என்ன கிடைக்கும்? போன வாரம் செருப்பு கிடைத்தது.

"இன்னொரு புகார் வந்துச்சுன்னா, ஒன் சர்ட்டிபிகேட்டுல கையெழுத்துப் போட மாட்டேன்லே," என்றிருந்தார் எக்ஸ்ரே அறைக்குப் பொறுப்பான குற்றாலலிங்கம்.

இன்றைக்கு வந்ததோ அவருடைய சொந்த அக்காவும், அக்கா மருமகள் சுடலைவடிவும். ஏரலில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்த மருமகள், நொண்டியபடி நடந்து வந்தாள். இடுப்புப் படம் எடுக்க வேண்டும்.

கிங்ஸ்டன் அந்தக் கேள்வியைக் கேட்டான். பதில் மாமியாரிடமிருந்து வந்தது. "அதுக்குத்தான் கோயில் கோயிலா அலையுதோம். கேக்க வந்துட்டான்! படத்த எடுலே."

"உள்ள நிக்கணும்னா தாலியக் கழத்திட்டு நில்லுங்க," என்று, அவளை வெளியே அனுப்புவதற்காகப் புளுகினான். ஆத்தாடி! அந்த அம்மாள் தாலியைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

கதவு சாத்தியதும் சுடலைவடிவு வயிற்றில் கை வைத்தாள். "ரெண்டு மாசம்ணே. யாருட்டயும் சொல்லிராதிய. போன தடவ வெளிய சொன்ன பெறவு தங்கல. அத்தைக்கே தெரியாது."

"எங்க சார்ட்ட மட்டும்..."

"அவிய அடுத்த நிமிசம் அத்தைட்ட சொல்லிருவாவ."

"என்னலே, எடுத்தாச்சா?" வெளியே குற்றாலலிங்கத்தின் குரல்.

கிங்ஸ்டனுக்குக் கோபம் கோபமாக வந்தது. வாத்தியார்மேல், இவள்மேல், எல்லார்மேலும். இருட்டறையில் மட்டும் திறக்க வேண்டிய பிலிம் பெட்டியை ஜன்னலோரம் வைத்துத் திறந்து, உள்ளே இருந்த கறுப்புக் காகிதத்தையும் உரித்துப் போட்டான். அத்தனை பிலிமும் பாழ். இன்றைக்கு இனி யாரும் படம் எடுக்க முடியாது.

உள்ளே வந்த குற்றாலலிங்கம் குதியோ குதியென்று குதித்தார். "ஜன்னல் வெளிச்சத்துலேருந்து பிலிமக் காப்பாத்தத் தெரியல, நீ கதிர்வீச்சுலேருந்து ஊரக் காப்பாத்தப் போறியாலே? கையெழுத்தும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. கெளம்பு!" அக்காவிடம் திரும்பினார். "நாளைக்குக் கூட்டிட்டு வாக்கா, நானே எடுக்கேன்."

கிங்ஸ்டன் வாயைத் திறந்தான். சுடலைவடிவு பயந்துபோய் அவனையே பார்த்தாள். மூடிக்கொண்டான்.

பையைத் தூக்கிக்கொண்டு அவன் வாசலுக்கு வந்தபோது ஆட்டோ ஒன்று புறப்பட்டது. உள்ளிருந்து மாமியாரின் குரல் ரோடெல்லாம் கேட்டது.

"பைய ஓட்டும் வே! பிள்ளத்தாச்சி இருக்கா! இப்பத்தான் சொல்லுதா, கள்ளி!"

கிங்ஸ்டன் தலையில் அடித்துக்கொண்டான். இனி உள்ளே போய், பெட்டியை வேண்டுமென்றேதான் திறந்தேன் என்றா சொல்ல முடியும்?

"அடிப்பாவி," என்றான், போகிற ஆட்டோவைப் பார்த்து, "இத அங்கனயே சொல்லித் தொலைச்சிருக்கப்படாதா?"