மூவாயிரத்தில் ஒன்று

அந்தப் பகுதியில் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடங்களாக அதே எட்டுத் தெருக்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டு வந்த செவிலி. எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று பதிவேட்டைத் திறக்காமலே சொல்வாள். கண்டிப்பும் ஜாஸ்தி, வாயும் ஜாஸ்தி. பிள்ளை அழுவதைப் பார்க்க மாட்டாமல் பின்கட்டுக்கு நழுவும் தகப்பன்களை, "ஊசி உனக்கில்லப்பா, வந்து பிள்ளையோட காலப் பிடி" என்று இழுத்து உட்காரவைப்பாள்.

அவளுடைய தம்பிக்கு சுகாதார அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் வேலை. அங்கே அவனுக்கு வைத்திருந்த பெயர் பர்சன்ட். டீ எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட எழுபது சதவீதம் என்பான். அக்கா கீழ்வீட்டிலும் அவன் மனைவி மக்களோடு மாடியிலுமாக ஒரே வாசலில் இருந்தார்கள். பெற்றவர்கள் போன பிறகு அவனைப் படிக்கவைத்தவள் அவள்தான். படித்த தம்பி ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவளுக்குப் பேச்சில்லை.

அந்த வருடம் பக்கத்து நகரத்தில் தட்டம்மை வந்து குழந்தைகள் செத்தார்கள். இங்கே பரவுவதற்குள் ஒன்பதாயிரம் குழந்தைகளுக்கு ஊசி போட்டுவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. வீடு வீடாகக் கொடுக்க வேண்டிய துண்டுப் பிரசுரத்தைத் தம்பிதான் எழுதினான். இயக்குநர் அதைப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் சிவப்புப் பேனாவை ஊன்றினார்.

"இந்த வரி எதுக்கு?"

"உண்மை சார். எட்டு பத்து நாள் கழிச்சுக் காய்ச்சல் வரும். மூவாயிரம் குழந்தைல ஒண்ணுக்கு அதோட வலிப்பும் வரலாம். தானா நின்னுடும். நோய் வந்தா இதைவிடப் பல மடங்கு ஆபத்து, அதையும் கீழ போட்டிருக்கேன்."

"படிக்கிற அம்மா மூவாயிரத்த விட்டுடுவா. அந்த ஒண்ண மட்டும் பிடிச்சுக்குவா. அது தன் பிள்ளைதான்னு நெனப்பா. அந்த வரிய அடி."

"வலிப்பு வந்தா என்ன பண்ணணும்னு ரெண்டு வரி இருக்கு சார். அது மட்டுமாவது..."

"வண்டியில ஏத்தும்போதே கவுந்தா எப்படிக் குதிக்கணும்னு சொல்லிக் குடுப்பியா? எவன் ஏறுவான்? அதையும் அடி."

அடித்த இடத்தில் கொட்டை எழுத்தில் வேறு வரி வந்தது: நூறு சதவீதம் பாதுகாப்பானது. பக்கவிளைவு பூஜ்யம். தம்பிக்கு உறுத்தத்தான் செய்தது. ஒன்பதாயிரத்துக்கு மூன்று வலிப்பு, மூன்றும் தானாக நின்றுவிடும் என்று மனதுக்குள் வகுத்துப் பார்த்துவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

பிரசுரம் கைக்கு வந்ததும் ஊசியக்கா மாடியேறி வந்தாள்.

"என்னடா, பூஜ்யம்னு போட்டிருக்கு? காய்ச்சல் வலிப்பு வரலாம்னு நாங்க படிச்சிருக்கோமே. நான் எப்பவும் தாய்மாருக்குச் சொல்லித்தானே போடுவேன்."

"இது புது மருந்துக்கா. அந்தப் பழைய கதையெல்லாம் இதுல கிடையாது. இனிமே அதச் சொல்லிப் பயமுறுத்தாத."

"நெசமாவா?"

"எழுதினவனே சொல்றேன்."

அவள் இறங்கிப் போனாள். அடுத்த மூன்று வாரமும் வெயிலில் அலைந்தாள். தயங்கிய வீடுகளிலெல்லாம் அவள் சொன்னது ஒன்றுதான்: ஒண்ணும் வராது, என் தம்பியே எழுதினது. நான்காவது தெருவில் ஒரு தையல்காரி இருந்தாள். வாசலறையே கடை. ஒன்றரை வயதில் ஒரு பெண், தூளியில் ஐந்து மாதத்தில் ஒரு பையன். கணவன் லாரி டிரைவர்; மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பையனுக்கு இன்னும் வயது வரவில்லை, பெண்ணுக்கு மட்டும் போட வேண்டும். பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு தையல்காரி கேட்டாள்.

"வேற ஏதாவது வருமாக்கா? வந்தா நான் ஒண்டி ஆளு."

"காய்ச்சல் அடிக்கும், மருந்து தரேன். வேற ஒண்ணும் வராது."

ஒன்பதாம் நாள் மத்தியானம் அந்தப் பெண் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறியது. மருந்து கொடுத்து, வெட்டிப்போட்ட துணிகளுக்கு நடுவே படுக்கவைத்துவிட்டு, தையல்காரி சாயங்காலம் கொடுக்க வேண்டிய ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் நின்றபோதுதான் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. குழந்தையின் குதிகால் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. கண் மேலே செருகி, பல் கிட்டி, உடம்பு விறைத்துத் துடித்தது. வேற ஒண்ணும் வராது என்று சொன்ன ஊசிக்கும் இதற்கும் அவள் முடிச்சுப் போடவில்லை. பிள்ளைக்கு நா வறண்டு உயிர் போகிறது என்றுதான் நினைத்தாள். மல்லாக்கப் போட்டு, தாடையை விரலால் நெம்பித் திறந்து, தம்ளர் தண்ணீரை வாயில் ஊற்றினாள். பாதி வெளியே வந்தது. இன்னொரு தம்ளர் ஊற்றினாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது குழந்தை நீலம் பாரித்திருந்தது.

ஊரில் பேச்சு கிளம்பியது. ஊசி போட்டுப் பிள்ளை செத்தது என்று ஒரு தெருவில் சொன்னது, ஏழு பிள்ளைகள் என்று அடுத்த தெருவில் போய் நின்றது. மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து அறிக்கை வந்தது. அதை எழுதியவனும் தம்பிதான். 'தடுப்பூசியால் ஏற்பட்ட உயிரிழப்பு பூஜ்யம். தாய் வாயில் ஊற்றிய நீர் மூச்சுக்குழலில் இறங்கியதே குழந்தையின் இறப்புக்குக் காரணம். பெற்றோருக்கு முறையாக அறிவுறுத்தத் தவறிய செவிலி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டுள்ளார்.'

பக்கத்துக் கடைக்காரர் அதைப் பேப்பரில் பார்த்து உரக்கப் படித்தார். தையல்காரி உள்ளே மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்பது படித்து முடித்த பிறகே அவருக்கு உறைத்தது. என் பிள்ளை எதனால் போனது என்று கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அப்படித்தான் பதில் கிடைத்தது.

ஊசியக்கா மாடிப்படியிலேயே தம்பியை மறித்தாள்.

"புது மருந்து, வலிப்பே வராதுன்னியே."

அவன் செருப்பைக் கழற்றுவதில் கண்ணாக இருந்தான். "நான் எழுதத்தான் செஞ்சேன். அவர் அடிச்சுட்டாரு."

"என்கிட்ட எதுக்குப் பொய் சொன்ன? ஊருக்குச் சொன்ன சரி. எனக்கு?"

"உனக்குத் தெரிஞ்சா நீ சொல்லிடுவே. உன்னால மறைக்க முடியாது."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "அவர் அடிச்ச தாள் எங்க?"

"இருக்கு."

"கொண்டா. விசாரணைல காட்டணும்."

"காட்டினா எனக்கும் வேலை போயிடும். உனக்கு எப்படியும் போயிடுச்சு. ரெண்டு பேரும் தெருவுல நிக்கறதுக்கு ஒருத்தர் நின்னாப் போதாதா? அறிக்கைல ஒரு பொய் இல்லக்கா. ஒவ்வொரு வரியும் சரிதான்."

"ஆமாண்டா. நீ கணக்குல தப்பு பண்ண மாட்டே" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வாசலில் ஒருவர் போன பிறகு மற்றவர் போனார்கள்.

அவள் வாசலில் குப்பையைக் கொட்டினார்கள். அவள் கையால் ஊசி போட்டுக்கொண்டு ஒரு காய்ச்சலும் காணாமல் வளர்ந்த பிள்ளைகளைப் பெற்றவர்களும் அதில் இருந்தார்கள். ஊசி போடும் வேலை பாதியில் படுத்துவிட்டது. புதிதாக வந்த செவிலியை நான்காவது தெருவுக்குள்ளேயே விடவில்லை. ஒன்பதாயிரத்தில் நாலாயிரத்தைக்கூடத் தொடவில்லை.

நான்கு மாதத்தில் தட்டம்மை வந்தது.

வேலையில்லை, பையில்லை, மருந்துமில்லை. இருந்தும் ஊசியக்கா கிளம்பினாள். ஒவ்வொரு கதவாகத் தட்டி, உள்ளதை உள்ளபடி சொன்னாள். வலிப்பு வரலாம், மூவாயிரத்தில் ஒன்றுக்கு வரலாம், பயப்பட வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுவிடுங்கள் என்றாள். முதல் தெருவில் பேக்கரிக்காரர் கதவைப் பாதி திறந்து முழுவதும் கேட்டார்.

"அன்னைக்குப் பூஜ்யம்னு சொன்னே. இன்னைக்கு மூவாயிரத்துல ஒண்ணுங்கற. நாளைக்கு எத்தனைன்னு சொல்லுவே?"

"அன்னைக்குச் சொன்னது தப்புண்ணே. எனக்கே தெரியாது. இது நெசம்."

"அன்னைக்கும் இதே மூஞ்சிதான், இதே குரல்தான். நான் எதை வச்சும்மா பிரிச்சுப் பார்க்கறது?"

கதவு சாத்திக்கொண்டது. பதினோரு நாள் கழித்து அவருடைய பையன் நிமோனியாவில் போனான். அந்த எட்டுத் தெருக்களில் மொத்தம் மூன்று குழந்தைகள் போயின. மூன்றும் ஊசி போடாதவை. 'தடுப்பூசி மறுப்புக்குக் காரணம்: வதந்தி, எண்பத்திரண்டு சதவீதம்' என்று தம்பி ஒரு படம் வரைந்து கூட்டத்தில் காட்டினான். நன்றாக வந்திருக்கிறது என்றார் இயக்குநர்.

மூன்றாவது குழந்தையை மயானத்துக்கு எடுத்த மறுநாள் காலையில் தையல்காரி ஊசியக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் பையன். அவனுக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது.

"ஊசி போட்டாச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு நேரா வரேன்" என்றாள். "உங்கள நம்பிப் போடல. மூணு பிள்ளைய எடுத்ததப் பார்த்துட்டுப் போட்டேன்."

ஊசியக்கா தலையை ஆட்டினாள்.

"இவனுக்கும் அந்த மாதிரி வந்தா என்ன பண்ணணும்? அத மட்டும் சொல்லுங்க."

ஊசியக்கா ஒரு தலையணையை எடுத்து வந்து தரையில் போட்டாள். அதைக் குழந்தையாக வைத்துக் காட்டினாள். "ஒருக்களிச்சுப் படுக்க வை. இப்படி. வாயில எதையும் வைக்காத, எதையும் ஊத்தாத. கையக் கால அழுத்திப் பிடிக்காத. கடிகாரத்தப் பாரு. ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நின்னுடும். அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு."

தையல்காரி தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதச் சொல்ல எவ்வளவு நேரம் ஆச்சு இப்போ? ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?"

ஊசியக்கா தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்கு என் வீட்டுல அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தீங்க. தண்ணி குடிச்சீங்க. என் ரவிக்கை நல்லா இருக்குன்னு சொன்னீங்க. தம்பியப் பத்திப் பேசினீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. கணவன் தன்னைவிட்டுப் போனதையும் சொன்னாள். அறிக்கையைப் படித்த அன்று, நீதானே ஊற்றினாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு லாரியை எடுத்தவன் இன்னும் திரும்பவில்லையாம். பிறகு பையனை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

எட்டாம் நாள் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. தையல்காரி மிஷினைத் தொடவில்லை. பையனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். வலிப்பு வரவில்லை. சாயங்காலம் காய்ச்சல் இறங்கி, பையன் பசித்து அழுதான். அந்தத் தெருவிலிருந்து யாரோ வந்து அதைச் சொன்னபோது ஊசியக்கா, சரி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.