பதியாத பெருவிரல்

மூன்று சுற்று மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தது. நான்காவது சுற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரேகை பார்க்கும் மெஷின் அவள் பெருவிரலைப் பார்த்துச் சிவப்பு விளக்கு காட்டியது. புடவையில் துடைத்து வைத்தாள். மறுபடியும் சிவப்பு. பதினெட்டு வருஷம் சிமெண்டுக் கலவை அள்ளிய கை. ரேகை பாதி அங்கேயே போயிருந்தது. மார்பில் வந்த புற்றுநோய்க்குத் தின்ற மாத்திரை உள்ளங்கை, விரல் தோலை உரித்து மீதியிலும் பாதியைக் கொண்டுபோனது. காப்பீட்டுத் திட்டத்தில் ரேகை பதிந்தால்தான் மருந்து.

வீட்டில் புருஷன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் பெயிண்டர்.

"சொரசொரன்னு இருந்தா எதுவும் ஒட்டாதுடி. உப்புத்தாள் போட்டா சரியாயிடும்."

அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது. நீட்டினாள். கதவுச் சட்டத்தைத் தேய்ப்பதுபோல, ஊதி ஊதி, பக்குவமாகத் தேய்த்தான். மறுநாள் மெஷின் சிவப்புகூடக் காட்டவில்லை. விரல் வைத்ததையே கண்டுகொள்ளாமல் கிடந்தது.

விஷயத்தைக் கேட்ட வார்டு சிஸ்டர், கூட வந்திருந்த புருஷனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, சுவருக்குப் பாக்குற மாதிரி நல்லா பட்டி பார்த்திருக்கீங்க, போங்க!"

ஆனால் சிரித்ததோடு விடவில்லை அந்தப் பெண். மேலிடத்துக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டாள். எதற்கும் பதில் இல்லை. சுகாதாரத் துறைக் குழு நோயாளிகளை நேரில் கேட்கப்போகிறது என்று தெரிந்ததும் இவள் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

"என் கடுதாசிய யாரும் பிரிக்கல அக்கா. நீங்களே வந்து சொல்லுங்க. அஞ்சு நிமிஷம்தான்."

"என்னமோ சொல்லு," என்றான் புருஷன். "உப்புத்தாள் கதைய மட்டும் விட்டுடு. மானம் போயிடும்."

நீள மேஜைக்குப் பின்னால் ஏழு பேர். அவள் வாயைத் திறந்ததும் மைக் அலறியது.

"மெதுவா பேசுங்கம்மா, கேக்குது."

"பழக்கதோஷங்க. மூணாம் மாடி மேஸ்திரிக்குக் கேக்கணும்ல."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அவளுக்குத் தைரியம் வந்தது. கட்டி வந்தது, தோல் உரிந்தது, மருந்தில்லாமல் நாலு வாரம் ஓடிப்போனது, எல்லாம் சொன்னாள்.

ஓர் அதிகாரி கோப்பைப் புரட்டினார். "முதல் நாள் அரைகுறையா ரேகை இருந்திருக்கு. மறுநாள் சுத்தமா இல்ல. ஒரே ராத்திரியில எப்படிம்மா? ஆள்மாறாட்டம் நடக்கக் கூடாதுன்னுதான் இந்த விதியே."

பின்வரிசையில் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழுப்பினால் மொத்தமும் பொய்யாகிவிடும் என்று பட்டது.

"என் வீட்டுக்காரர் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சார்யா. எங்க வேலையில ஒண்ணு ஒட்டலேன்னா தேய்ப்போம். மருந்து கிடைக்காம பொண்டாட்டி போயிடுவாளோன்னு பயந்த மனுஷன், கையில இருந்தத வெச்சுத் தேய்ச்சார். உங்க கையில பேனா இருக்குங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. குழுத் தலைவியான டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி எத்தனை பேர்?"

சிஸ்டர் எழுந்தாள். "எங்க வார்டுல மட்டும் ஒன்பது பேர் மேடம்."

வெளியே வந்ததும், "மானத்த வாங்கிட்டியே," என்றான் புருஷன். கண் கலங்கியிருந்தது.

பத்து நாளில் உத்தரவு வந்தது. ரேகை பதியாதவர்களுக்கு அடையாள அட்டையும் டாக்டர், நர்ஸ் கையெழுத்தும் போதும். ஆறு மாதத்துக்கு மட்டும்தான், பிறகு பார்ப்பார்களாம். அது போதும், இப்போதைக்கு.

மாத்திரையை வாங்கிப் பையில் வைத்தபோது வரிசையிலிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். துணி வெளுப்பவராம்.

"போய்ப் பேசினது நீங்கதானாம்மா?" அவள் கையைப் பிடித்தார். இருவர் கையும் உரிந்திருந்ததால் அழுத்திப் பிடிக்க முடியவில்லை. "ரெண்டு மாசமா என்னைத் திருப்பி அனுப்பிட்டு இருந்தாங்க. நீங்க நல்லா இருக்கணும்."

"எனக்குச் சொல்லாதீங்கண்ணே. அதோ நிக்குது பாருங்க, அந்தப் பொண்ணுக்குச் சொல்லுங்க. நான் வாயைத்தான் திறந்தேன்."

சிஸ்டர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

புருஷன் வாசலில் காத்திருந்தான். அவள் போகவில்லை. துணி வெளுப்பவருக்கு மருந்து கைக்கு வரும்வரை அங்கிருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.