முந்தின திங்களு

தருண் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது லாவண்யா காலிஃபிளவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். "உள்ள எத்தன புழு வச்சிருக்கேன்னு நீயே சொல்லிடு. வெந்நீர்ல போட்டா எப்படியும் வெளிய வரத்தான் போவுது" என்று அதட்டிவிட்டுத் திரும்பினால், சமையலறை வாசலில் புருஷன் நிற்கிறான். பகல் பதினொரு மணி. கையில் காலி பாட்டில். யாரிடம் பேசினாய் என்று கேட்டிருந்தால் சிரித்து மழுப்பியிருப்பாள்.  அவனோ பாட்டிலை நிரப்பாமலே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, ஆரணியிலிருக்கும் அம்மாவுடன் அவன் தணிந்த குரலில் போன் பேசுவது கேட்டது.

அந்த வீட்டில் சத்தம் போடக்கூடாது. பெங்களூர் ஈஜிபுராவில் மூன்றாவது மாடி; ஒரு ஹால், ஒரு படுக்கையறை. தருணின் ஆபீஸ் அமெரிக்க நேரத்தில் நடக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குக் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தான் என்றால் விடியும்வரை அவனுக்கு மீட்டிங், அதனால் பேசக்கூடாது. விடிந்ததும் தூங்குவான், அதனால் பேசக்கூடாது. குக்கர் விசில் அடிக்கும் என்று லாவண்யா சோற்றை வடித்துத்தான் எடுத்தாள். பாத்திரம் கழுவும்போது அடியில் பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆரணியில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவள் அவள். நாற்பது பிள்ளைகளை மைக் இல்லாமல் மைதானத்தில் வரிசையில் நிறுத்திய தொண்டை. அதை எட்டு மாதம் பூட்டி வைத்தால் அது சும்மா இருக்குமா? முதலில் அடுப்போடு பேசியது, பிறகு துணி காயப்போடும் கொடியோடு. மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களோ காதில் எதையாவது செருகிக்கொண்டு போனார்கள்.

ஆதாரில் பெங்களூர் முகவரி மாற்றியதும் பெண்களுக்கு பஸ் இலவசம் என்பது அவளுக்குப் பெரிய வரமாகிவிட்டது. தருண் தூங்கும் நேரத்தில் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, கடைசி ஸ்டாப் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவாள். எங்கும் இறங்குவதில்லை. மனிதர்கள் சத்தமாகப் பேசுவதைக் கேட்பதற்காக மட்டும். வெட்கக்கேடுதான், யாரிடமும் சொன்னதில்லை.

மாமியாரின் தீர்ப்பு அன்று மாலையே வந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் தருண் கேட்டான். "பொண்ணு தனியா பேசுதுன்னா லேசுல வுடக்கூடாதுடா. ஆறு மாசம் இங்க இருக்கட்டும், வேலூர்ல டாக்டர்கிட்ட காட்டலாம். கவினை கார் எடுத்துக்கிட்டு வரச் சொல்றேன்." கவின் தருணின் அண்ணன். வருகிற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் என்று நாளும் குறித்தார்கள்.  லாவண்யாவுக்கு டாக்டரைக் கண்டு பயமில்லை. தெருவைக் கண்டுதான் பயம். 'அந்தப் பொண்ணு ஒரு மாதிரி' என்று ஆரணியில் ஒரு தெரு சொல்லிவிட்டால் அந்தச் சொல் லேசில் போகாது. நாளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் அவளை நம்பிப் பிள்ளைகளை விடும்? பேச ஆளில்லாமல்தான் பேசுகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல, அதுவே அவர்கள் சொல்வதற்குச் சாட்சி போலாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை போனை சார்ஜில் போட்டுவிட்டு, கொத்தமல்லி வாங்கப் போகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள். எங்கோ ஓரிடத்தில் சாலையோரம் ஓர் ஏரி. கரையில் இருபது முப்பது பேர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் உறை. ஆகாயத்தாமரையை இழுத்து இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதன்முறையாக நடுவழியில் இறங்கினாள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தவளுக்குப் பொறுக்கவில்லை. "வேரோட இழுக்காம மேல மேல கிள்ளினா என்ன அர்த்தம்? அடுத்த வாரமே மறுபடி மூடிக்குமே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள், வழக்கம்போல யாரிடமும் இல்லாமல்.

"ஏய், யாருமா அது, கரெக்டா சொல்றது?" என்று தண்ணீருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "நானும் அதத்தான் காலையிலேர்ந்து கத்தறேன், ஒருத்தரும் கேக்கமாட்டேங்கறாங்க. உள்ள வா, க்ளவுஸ் இருக்கு!"

லாவண்யா உள்ளே போனாள். ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. ஆஞ்சலா என்று பேர், விவேக் நகரில் வீடு. இரண்டு மணி நேரம் இருவரும் ஒரே சாக்கை மாற்றி மாற்றிப் பிடித்து நிரப்பினார்கள். வேலை முடிந்ததும் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் உழவர் சந்தை. மாலூர், ஹொசகோட்டே பக்கத்து விவசாயிகள் கீரையும் கேழ்வரகும் தேனும் கொண்டுவந்து விரித்திருந்தார்கள். ஏரியில் இறங்கியவர்களுக்குக் காபி இலவசம். டம்ளரோடு கடை கடையாக நடந்தபடி ஆஞ்சலா தன் வீட்டு மாடியில் வைத்திருக்கும் உரத்தொட்டியைப் பற்றிச் சொன்னாள். "தெனம் அதுங்ககிட்ட பேசுவேம்மா. என்னா சாப்ட்டீங்க, வெங்காயத் தோலு ஒத்துக்கலியான்னு. எங்க வூட்டுக்காரரு க்ளென் சொல்லுவாரு, உனக்கு மனுஷங்களவிட மண்புழுதான் ஜாஸ்தி புடிக்கும்னு."

லாவண்யா காலிஃபிளவர் கதையைச் சொன்னாள். ஆஞ்சலா காபி சிந்தச் சிந்தச் சிரித்தாள். லாவண்யாவும் சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தம் தனக்கே அந்நியமாகக் கேட்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது, நல்லவேளை சிரிப்பென்று நினைத்துக்கொள்ளலாம்.

கலையும் நேரத்தில், குழுவை நடத்துகிற உயரமான பெரியவர் விசில் ஊதி எல்லாரையும் கூப்பிட்டுக் கன்னடத்தில் அறிவித்தார். "முந்தின திங்களு, இதே ஜாக, இதே டைம். எல்லாரூ பர்பேக்கு!" லாவண்யாவுக்குப் பெருமை தாங்கவில்லை, முழுக்கப் புரிந்துவிட்டது. தமிழில் முந்தின என்றால் போனது, கன்னடத்தில் அது வரப்போவது. மெட்ரோவில் 'முந்தின நில்தாண' என்று சொல்லிச் சொல்லி அடுத்த நிலையம் வருவதைக் கேட்டே கற்றுக்கொண்டது. திங்களை யாரும் கற்றுத்தர வேண்டுமா என்ன? நாளை என்றால் நாளை என்றே சொல்லியிருப்பார். ஆக, அடுத்த வாரத் திங்கள், இதே இடம், வேலை தொடங்கும் காலை ஏழு மணிக்கு எல்லாரும் வர வேண்டும். "உன் நம்பர வாங்கிக்கறேன்னு பாத்தா என் போன் செத்துப்போச்சும்மா. பரவால்ல, அப்ப வாங்கிக்கறேன். கண்டிப்பா வந்துடு, என்ன?" என்று ஆஞ்சலா கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து தருணிடம் மூச்சுவிடாமல் சொன்னாள். அவன் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டான். "போட்டோ எடுத்தியா?"

"போன் எடுத்துட்டுப் போவலியே."

"அவங்க நம்பரு?"

"அவங்க போன்ல சார்ஜ் இல்ல."

"நீ காலிஃபிளவர்கிட்ட பேசற மாதிரி, அவங்க மண்புழுகிட்ட பேசுவாங்களா?"

அப்போதுதான் லாவண்யாவுக்கு உறைத்தது. அவன் முகத்தில் கேலி இல்லை, கோபம் இல்லை. பயம். இவள் ஓர் ஆளையே கற்பனையில் செய்துகொண்டுவிட்டாள் என்று பயப்படுகிறான். "அய்யோ, நெஜமாங்க! அடுத்த வாரம் திங்கக்கெழம மறுபடி வர்றாங்க, நீங்களே வந்து பாருங்க" என்றாள்.  தருண் கெட்டவன் இல்லை, தூக்கத்துக்கு ஏங்குகிறவன், அவ்வளவுதான். "சரி, நானும் வரேன். அந்த அக்காவ ஒரு தடவ பாத்துட்டேன்னா போதும், அண்ணன வராதன்னு சொல்லிடறேன்" என்றான்.

எட்டு நாளும் அவள் சமையலறையில் வாயே திறக்கவில்லை. பேச ஆள் வரப்போகிறது என்று தெரிந்தபின் காலிஃபிளவர் எதற்கு? ஞாயிறு சாயங்காலம், தருண் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில், இருபது பேருக்குப் புளியோதரை கிளறினாள். திங்கள் காலை, விடுமுறை இரவிலும் தூக்கம் பிடிக்காத கண்களோடு அவன் வண்டிச் சாவியைத் தேடினான். இந்தக் கண்ணோடு வண்டி ஓட்ட வேண்டாம் என்று அவள்தான் பஸ்ஸுக்கு இழுத்துப் போனாள். வழியெல்லாம் பெரிய புளியோதரைத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு ஆஞ்சலாவிடம் முதலில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள், உதடு அசையாமல்.

ஏரிக்கரையில் ஒருவரும் இல்லை.

ஏழு மணி, ஏழரை, எட்டு. அள்ளிப்போட்ட ஆகாயத்தாமரைக் குவியலைக்கூட லாரி வந்து எடுத்துப் போயிருந்தது. தண்ணீரில் அந்த இடம் மறுபடி பச்சையாக மூடத் தொடங்கியிருந்தது. "இங்கதான் நின்னோம், இதே எடம்" என்று காட்டினாள். மைதானத்துக்கு ஓடினாள். அங்கே பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் பிரார்த்தனைக்கு நின்றார்கள். திரும்பி வந்தபோது ஏரிக் காவலாளி வந்திருந்தார். லாவண்யா கையையும் காலையும் ஆட்டிக் கேட்டாள். அவர், "ஈக யாரூ இல்லா. முந்தின திங்களு பர்தாரே" என்றார்.

தருணுக்குப் பெங்களூரில் ஐந்து வருடம். தெரியாது என்று சொல்ல 'கொத்தில்லா' என்பதைத் தவிர அவனுக்குக் கன்னடம் வராது. "முந்தின திங்கள்னா, போன திங்கக்கெழமையே வந்துட்டுப் போயிட்டாங்கங்கறாரு" என்றான்.

"இல்லங்க, முந்தினன்னா அடுத்தது. அடுத்த திங்கக்கெழம வருவாங்கங்கறாரு."

"நீ இன்னைக்குன்னுதான சொன்ன?"

 இன்றைக்கு என்றுதான் அவள் காதில் விழுந்தது. அப்படித்தானே கேட்டாள்? "விவேக் நகர்ல போய் விசாரிச்சா..." என்று ஆரம்பித்தாள். "விவேக் நகர்ல தெருவுக்கு ரெண்டு ஆஞ்சலா இருப்பாங்கம்மா" என்று தருண் மெதுவாகச் சொன்னான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் தூக்கை வாங்கிக்கொண்டான், அவள் தோளில் கை வைத்தான், கூட்டிக்கொண்டு நடந்தான். பஸ் ஸ்டாப்பில் அவன் அண்ணனுக்கு மெசேஜ் அடிப்பதை அவள் பார்த்தாள். நாளைக்குச் சீக்கிரம் கிளம்பு என்று இருந்தது. ஆஞ்சலாவின் கை அழுத்தியது நிஜமா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் என்ன இருக்கும்?

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். அவளுக்குப் பெண்கள் வரிசையில் இடம் கிடைத்தது. தருண் தூக்கோடு பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றான். அவளுக்கு முன் இருக்கையில் ஓர் இளம்பெண், தோளில் குழந்தை. லாவண்யாவுக்குப் பக்கத்தில் இருந்த வயதான அம்மாள் எட்டி அதன் கன்னத்தைத் தொட்டுக் கேட்டாள். "மகுகே எஷ்டு திங்களு?"

"ஐது திங்களு" என்றாள் தாய்.

எஷ்டு, ஐது, இரண்டும் காய்கறிக்காரனிடம் கற்றவை. எத்தனை, ஐந்து. ஐந்து திங்கட்கிழமையா? பிள்ளையின் வயதைத் திங்கட்கிழமையில் எண்ணுவார்களா யாராவது? ஐந்து வாரத்துப் பிள்ளைக்குக் கழுத்தே நிற்காது. இது தலையைத் தூக்கிக்கொண்டு பஸ் முழுவதையும் நோட்டம் விடுகிறது. இது ஐந்து மாதப் பிள்ளை.

மாதம்.

"மாசங்க!" என்று லாவண்யா எழுந்தே விட்டாள். மைதானத்தில் நாற்பது பிள்ளைகளை நிறுத்திய குரல், எட்டு மாதம் கழித்து முழுசாக வெளியே வந்தது. "திங்களுன்னா மாசங்க! திங்கக்கெழம இல்ல! அடுத்த மாசம் வருவாங்க! அய்யோ, நான்தான் தப்பா... மாசம், மாசம்!" சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கியது. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

தருணின் முகம் வெளிறிவிட்டது. "ஆமாம்மா. மாசந்தான். சரி. மெதுவா உக்காரு" என்றான்.

உடனே ஒத்துக்கொண்டான். எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளும் குரல் அது. வானம் சிவப்பு என்றாலும் இப்போது ஆமாம் என்றுதான் சொல்வான்.  லாவண்யா குழந்தையின் தாயைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க, அவருகிட்ட சொல்லுங்க. எஷ்டு திங்களு? எஷ்டு?" அந்தப் பெண் மிரண்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கினாள்.

பக்கத்து அம்மாள் லாவண்யாவின் முழங்கையைத் தடவி, "பாப" என்றாள். பாவம் என்பதைக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமா, பாப்பாதான்!" என்று லாவண்யா ஆவலோடு அவள் பக்கம் குனிந்தாள். "பாப்பாவுக்கு எத்தன மாசம்னு அவருக்குச் சொல்லுங்க. ஐது. ஐது திங்களு." ஐந்து விரலையும் விரித்துத் தருணின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் அந்த விரல்களைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே எந்த ஸ்டாப் என்று பார்த்துக்கொண்டிருந்தான். தாயின் தோளுக்கு மேலிருந்து குழந்தைதான் அவற்றைப் பார்த்தது. பிடிக்கக் கையை நீட்டியது. அந்தக் குட்டிக் கையை அதன் தாய் பிடித்து இழுத்து, சால்வைக்குள் வைத்து மூடினாள்.