இரண்டு பச்சை ஃபியூஸ்

போன வருஷம் எங்கள் மாதா தேர் ஊர்த் தெருவின் நடுவில் ஊமையாகிப் போனது.

தேருக்கு முன்னால் போனது என் அண்ணன் இம்மானுவேலின் பழைய சுமோ. மற்ற நாட்களில் அதில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போவான். திருவிழாவுக்காகப் பின்சீட்டைக் கழற்றிவிட்டு, மரப்பெட்டியில் அடைத்த பெரிய சப்-வூஃபர் ஒன்றை ஏற்றியிருந்தான். பாட்டின் டிரம் சத்தம் அதிலிருந்துதான் வரும்.

காலனியிலிருந்து மெயின் ரோட்டில் மாதா சிலை இருக்கும் கெபிக்குப் போக ஊர்த் தெருவை விட்டால் வேறு வழியில்லை. அந்தத் தெருவில் குளத்து முனையிலிருந்து பால் டிப்போ வரை நாங்கள் பாட்டுச் சத்தத்தை அமுக்க வேண்டும். எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். அப்பா காலத்தில் அந்த இடத்தில் பாட்டையே நிறுத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு தேரைத் தள்ளிப் போயிருக்கிறார்கள்.

அண்ணன்தான் முதன்முதலாக, "அவுங்க திருவிழாவுக்கு நம்ம தெருவுல வரும்போது அமுக்குறாங்களா?" என்று கேட்டான். கேட்டதோடு நிற்காமல் குளத்து முனையில் வால்யூமை முழுக்கத் திருப்பினான். டிரம் சத்தம் துணியைக் கிழிப்பது போல வந்தது. அரிசி மில்லுக்கு நேராக வந்தபோது ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். தேர்ச் சக்கரம் கிறீச்சிடுவது மட்டும் கேட்டது.

மில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சுப்பராயன், "இன்னாடா இம்மானுவேலு, உங்க மாதாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார். தெருவே சிரித்தது.

அன்றிலிருந்து அண்ணனுக்குப் பெயர் தொண்டை. டீக்கடையில் அவன் நுழைந்தாலே, "தொண்டை வர்றான், மொளகு போட்டு டீ குடு" என்பார்கள். அவன் அந்தக் கடைக்குப் போவதை விட்டுவிட்டான். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்க் குடித்தான்.

இந்த வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புது ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பினான். நானும் வருகிறேன் என்றேன்.

"அந்தக் கடைக்குப் பொம்பளப் புள்ள எதுக்கு?" என்றாள் அம்மா. "டேய், பேசாம அமுக்கிக்கினு போங்களேண்டா. ரெண்டு நிமிஷம்தானே."

"ரெண்டு நிமிஷம்தான்மா. அதுக்குத்தான் போறோம்" என்றான் அண்ணன்.

எனக்குக் காரணம் இருந்தது. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு மூன்று வருஷமாக சிப்காட்டில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனியில் கம்பிக் காயில் சுற்றுகிறேன். எந்தக் கம்பி எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று எங்கள் மேஜைக்கு மேலே அட்டை ஒட்டியிருக்கிறது. படித்துப் படித்து மனப்பாடம் ஆகிவிட்டது. அண்ணன் மூலையில் எறிந்துவிட்ட பழைய ஆம்ப்ளிஃபயரைப் போன வருஷமே எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். மேலே பொன்னிற எழுத்தில் ஆயிரம் வாட்ஸ். பக்கவாட்டில் நகம் அளவு நீல ஃபியூஸ் ஒன்று. அதில் பதினைந்து.

வண்டி ஓடும்போது பதினான்கு வோல்ட் வரும். பதினைந்து ஆம்பியருக்கு மேல் அந்த ஃபியூஸ் உள்ளே விடாது. இரண்டையும் பெருக்கினால் இருநூற்றுப் பத்து. அதிலும் பாதிக்கு மேல் சூடாகவே போய்விடும். நூறு வாட்ஸ் கூடத் தேறாத பெட்டிக்கு ஆயிரம் என்று பெயர். சப்-வூஃபரின் முதுகில் முந்நூறு ஆர்.எம்.எஸ். என்று இருந்தது. அதாவது நின்று நிதானமாக அது தாங்கும் அளவு. வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் போயிருக்கிறது. தொண்டை கட்டாமல் என்ன செய்யும்?

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

ஹனீப் பாயின் கடை பஜார் முனையில் இருந்தது. சீட் கவர், ஹாரன், கண்ணாடி ஸ்டிக்கர் எல்லாம் தொங்கும் கடை. அண்ணன் விஷயத்தைச் சொன்னதும் பாய் ஒரு பெட்டியை எடுத்து மேஜையில் வைத்து ஒயரைப் பேட்டரியில் தொடவைத்தார். உள்ளே நீல விளக்குகள் ஓடின.

"ரெண்டாயிரம் வாட்ஸ் தம்பி. இங்க போட்டா ஆந்திரா பார்டர்ல செக்போஸ்ட்டுக்காரன் எழுந்து நிப்பான்."

அண்ணனின் முகத்திலும் நீலம் ஓடியது. "போன தபா ஆயிரம் போட்டு நின்னுடுச்சு பாய். இது நிக்காதுல்ல?"

"ஆயிரம் நிக்கும். ரெண்டாயிரம் எப்பிடி நிக்கும்?"

நான் பெட்டியைத் திருப்பினேன். மஞ்சள் ஃபியூஸ். இருபது.

"இன்னாம்மா, லைட்டு புடிச்சிருக்குதா?" என்றார் பாய்.

"ஃபியூஸு" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஃபியூஸ் போனா வா, சும்மாவே தரேன். அதுக்கா பேஜாராவுற?"

கடையில் இருந்த இன்னொருவரும் சிரித்தார். அண்ணனுக்குக் கூச்சமாகிவிட்டது. "நீ சும்மா இரு சுகிர்தா" என்றான்.

சும்மா இருந்திருப்பேன். எல்லா இடத்திலும் அப்படித்தான் இருக்கிறேன். ஆனால் சிரித்தவரின் சிரிப்பு மில் வாசலில் கேட்ட சிரிப்பு மாதிரியே இருந்தது.

"உள்ள போறதே இருபது ஆம்பியர்தான். ரெண்டாயிரம் வாட்ஸ் எங்கேந்து பாய் வரும்?" என்றேன். இந்த முறை கடைக்கு வெளியே கூடக் கேட்டிருக்கும்.

பாய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "எல்லாரும் இதான்மா வாங்கினு போறாங்க."

"எல்லாரும் எங்க ஊர்த் தெரு வழியாவா போறாங்க?"

"இன்னா படிக்கிற?"

"ஒம்பதாவதோட நின்னுட்டேன். காயில் சுத்துறேன்."

பாய் நீல விளக்குப் பெட்டியைத் தள்ளி வைத்தார். பிறகு குனிந்து, கீழ்த்தட்டில் கார் மிதியடிகளுக்குப் பின்னால் கையை விட்டுத் தேடினார். வெளியே எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கறுப்புப் பெட்டி. விளக்கு இல்லை, பொன்னிற எழுத்து இல்லை. ஒரு ஓரத்தில் முந்நூறு ஆர்.எம்.எஸ். என்று சின்னதாக அச்சடித்திருந்தது. மேலே ஒரு விரல் தூசி.

"ரெண்டு வருசமா தூங்குது. ரெண்டாயிரத்துக்குப் பக்கத்துல முந்நூறை வச்சா எவன் வாங்குவான்? நீயே சொல்லு. நான் கணக்குத் தெரிஞ்சவன் இல்ல, விக்கத் தெரிஞ்சவன்."

பக்கவாட்டைப் பார்த்தேன். பச்சை ஃபியூஸ் இரண்டு. ஒவ்வொன்றிலும் முப்பது. மொத்தம் அறுபது ஆம்பியர், முந்நூறுக்குத் தாராளம். தூக்கிப் பார்த்தேன். எங்கள் கம்பெனியில் அலுமினியக் கம்பி சுற்றியதும் செம்புக் கம்பி சுற்றியதும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். தூக்கும்போது செம்பு தன்னைக் காட்டிவிடும். இதுவும் அப்படித்தான் கையை இழுத்தது.

"இதான்" என்றேன்.

அண்ணன் என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் கடை வாசலில் நிறுத்தினான். "லூசா நீ? ஆயிரத்துக்கே சிரிச்சானுங்க. முந்நூறுன்னு தெரிஞ்சா சாவுற வரைக்கும் சிரிப்பானுங்க."

"அது ஆயிரமே இல்லண்ணா. நூறு. நூறை வச்சிக்கினுதான் நீ அவ்ளோ தூரம் போன."

தாளை எடுத்துக் கொடுத்தேன். படித்தான். புரிந்ததா தெரியவில்லை. மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"மறுபடியும் நின்னுச்சுன்னா?"

"என் தங்கச்சிதான் வாங்கச் சொன்னாள்னு சொல்லு. தொண்டைங்கிற பேரை எனக்கு வைக்கட்டும்."

அண்ணன் உள்ளே போய், "பாய், அந்த முந்நூறையே கட்டுங்க" என்றான்.

"பழைய ஒயர் வேணாம்" என்றேன் பின்னாலிருந்து. "பேட்டரிலேந்து சுண்டுவெரல் மொத்தத்துல செம்பு ஒயர் போடணும்."

"அடடா" என்றார் பாய். "இன்னும் எத்தினி வச்சிருக்க அந்தத் தாள்ல?"

திருவிழா வரை காலனியில் எல்லாரும் அண்ணனைக் கேட்டார்கள். எத்தனை வாட்ஸ்? அவன் எண்ணைச் சொல்லவே இல்லை. "காது இருக்குதுல்ல, அன்னிக்குக் கேட்டுக்கோ" என்றான். என்னிடம் மட்டும் தினமும் ஒரு தடவை, "நிக்காதுல்ல?" என்று கேட்டான். தினமும், "நிக்காது" என்றேன்.

செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாள் திருவிழா. சாயங்காலம் நாலு மணி, வெயில் இன்னும் இறங்கவில்லை. தேர் கிளம்பியது. அண்ணன் ஓட்டினான். நான் பக்கத்து சீட்டில். இருவருக்கும் நடுவில் ஆம்ப்ளிஃபயரை வைத்திருந்தோம். அதில் பச்சை விளக்கு எரிந்தது. வால்யூம் என் கையில்.

குளத்து முனை வந்தது. பின்னால் அம்மா ஜெபமாலையோடு நடந்து வந்தாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. உதடு ஜெபித்தது, கண் என் கையைப் பார்த்தது. நான் அமுக்கவில்லை. ஏற்றவும் இல்லை. குமிழ் பாதியில் இருந்தது.

மில் வாசலில் அதே நாற்காலி. இந்த வருஷம் சுற்றிலும் பத்துப் பேர் வேறு. சுப்பராயன் எழுந்து, "மொளகுக் கஷாயம் போட்டு வச்சிருக்கேண்டா, வேணுமா?" என்று கத்தினார். சிரிக்க எல்லாரும் வாயைத் திறந்தார்கள்.

பாட்டின் டிரம் அடி விழுந்தது.

கிழியவில்லை. நெஞ்சுக் குழியில் உள்ளங்கையால் தட்டியது போல, ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. மில் கதவின் தகரம் அதிர்ந்தது. நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்த டம்ளர் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்தது. சிவப்பு விளக்கைத் தேடி நான் குனிந்து பார்த்தேன். பச்சை. பெட்டியின் மேல் கை வைத்தேன். வைக்க முடிந்த சூடுதான்.

சுப்பராயன் வண்டிக்கு முன்னால் வந்து கையைத் தூக்கினார். அண்ணன் பிரேக் போட்டான். அவர் என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார்.

"ஏய் பொண்ணே, இங்க அமுக்கணும்னு தெரியாது? இன்னா முழுசா வச்சிக்கினு வர்றீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தான். அவரை எங்கள் தெருவில் எல்லாரும் மொதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். என் அப்பாவும் அப்படித்தான். நான் கண்ணாடியை முழுக்க இறக்கினேன்.

"முழுசு இல்லண்ணா. இது பாதிதான்" என்றேன் அவரிடம்.

அவருக்குக் கேட்டதா, டிரம்மில் அடிபட்டுப் போயிற்றா என்று தெரியவில்லை. என் கை குமிழின் மேல் இருப்பதை மட்டும் பார்த்தார். அது எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்தார். தூக்கிய கை மெல்ல இறங்கியது. ஓரமாக நகர்ந்தார்.

அண்ணன் கியர் போட்டான். பால் டிப்போ வரை பாட்டு அதே சத்தத்தில் போனது.

டிப்போ தாண்டியதும், "மொதலாளி உனக்கு அண்ணாவா?" என்று கேட்டு ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தான்.

"அது இருக்கட்டும்" என்றேன். "நாளைக்குக் காலையில நீ நம்ம டீக்கடைக்கே போ."

போனான். நானும் கூடப் போனேன். மிளகு போடாத டீ இரண்டு கேட்டான். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் ஆற்றிக் கொடுத்தார்.