வலது முன் சக்கரம்

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கண்ணாயிரத்தின் பெயிண்டிங் ஷெட் இருந்தது. நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, பழைய நிறத்தோடு ஒட்டு தெரியாமல் அடித்துக் கொடுப்பதில் அவருக்கு ஊருக்குள் நல்ல பெயர். அவர் அடித்த இடத்தை அவரே வந்து காட்டினால்தான் தெரியும் என்பார்கள்.

2001ஆம் வருடம், ஆனிப் பௌர்ணமி அன்று காலை வல்லரசு வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களைச் சென்னை விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவர் வேலை. வண்டி முதலாளியுடையது. ஆனாலும் தன் வண்டியைப் போலத் துடைத்து வைத்திருப்பார். முதலாளி அப்போதுதான் புது அலாய் வீல் மாட்டியிருந்தார். அதன் இடைவெளி வழியாக உள்ளே இருந்த பிரேக் டிஸ்க்கின் துரு பளிச்சென்று தெரிந்தது.

“அண்ணா, வெளிய வெள்ளி மாதிரி இருக்குது, உள்ள பாத்தா பழைய இரும்புக் கடை மாதிரி இருக்குது. அதுக்கும் கொஞ்சம் சில்வர் அடிச்சுக் குடுத்துடுங்க. பன்னெண்டு மணிக்குள்ள நான் ஊர விட்டு வெளிய போயிடணும். அதுக்கப்புறம் கிரிவலத்துக்காக ரோட்ட அடைச்சுடுவாங்க.”

டிஸ்க்குக்குப் பெயிண்ட் அடிக்கும்போது ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் அடிக்கலாம். பிரேக் கட்டை வந்து கவ்வுகிற முகத்தில் மட்டும் ஒரு துளி படக்கூடாது. பட்டால் பிரேக் வழுக்கும்; தின்னர் போட்டு, இரும்பு தெரிகிறவரை துடைத்துவிட வேண்டும். இது கண்ணாயிரத்துக்குத் தெரியும். இடது சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கின் முகத்தில் டேப் ஒட்டி, பொறுமையாகத்தான் அடித்தார்.

வலது பக்கம் வரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. வல்லரசு வாசலுக்கும் வண்டிக்கும் நடந்துகொண்டிருந்தார். டேப் ஒட்ட நேரமில்லை, அடித்துவிட்டுப் பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று கண்ணாயிரம் அப்படியே அடித்துவிட்டார். அதற்குள் ஒருவர் தன் காரின் கதவுக்கு நிறம் சரியா என்று பார்க்கக் கூப்பிட்டார். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, சக்கரத்தைத் தூக்கி மாட்டினார். கடைசி நட்டை முறுக்கும்போதுதான் நினைவு வந்தது. டிஸ்க்கின் முகத்தைத் துடைக்கவில்லை.

கை ஒரு கணம் நின்றது. திரும்பக் கழற்றினால் கால் மணி நேரம் ஆகும். நாலு தடவை பிரேக் பிடித்தால் தானாகத் தேய்ந்து போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நட்டை முறுக்கி முடித்தார். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த நாலு தடவை வரைக்கும் மெதுவாகப் போங்கள் என்று வல்லரசிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். சொல்லவில்லை.

வேன் டவுன் பக்கம் கிளம்பி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. டமார் என்று சத்தம் கேட்டது.

கண்ணாயிரம் ஓடினார். சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வர, வல்லரசு பிரேக்கை அழுத்தியிருக்கிறார். இடது சக்கரம் கவ்வியது, வலது சக்கரம் வழுக்கியது. வண்டி இடது பக்கமாகப் பாய்ந்து, வேப்ப மரத்தடியில் பூ விற்றுக்கொண்டிருந்த ஜோதியம்மாள் மேல் ஏறிவிட்டது. அந்த அம்மாள் உயிரோடு இருந்தார். ஆனால் இடது தொடை பார்க்கக்கூடாதபடி திரும்பிக் கிடந்தது. கதம்பமும் மல்லியும் ரோடு முழுக்கச் சிதறியிருந்தன.

“வண்டி இழுத்துச்சுங்க! நான் திருப்பல, அதுவா இழுத்துச்சு!” என்று வல்லரசு கத்தினார். கூட்டத்தில் யாரோ அவர் சட்டையைப் பிடித்து, “வேகமா வந்துட்டு வண்டி மேல பழி போடுறியா?” என்று கன்னத்தில் அறைந்தார்.

கண்ணாயிரம் அந்தக் கூட்டத்தின் மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தார். துடைக்காத டிஸ்க்கைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் ஷெட்டுக்குத் திரும்பினார்.

போலீஸ்காரர்கள் வேனை ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போனார்கள். அங்கிருந்து சோதனைக்காக வேங்கிக்கால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஓட்டிப் போனார்கள். அதற்குள் பெயிண்ட் முழுக்கத் தேய்ந்துவிட்டது. பிரேக் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து வேனை ஸ்டேஷனுக்குத் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் கண்ணாயிரம் ஸ்டேஷன் பக்கம் போய், செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து வலது சக்கரத்துக்குள் பார்த்தார். டிஸ்க் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் பின்னாளில் அவரை அதிகமாகக் கொன்றது.

வல்லரசு கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். ஆறு மாதம் முடிந்த பிறகும் அவர் வண்டி ஓட்டவில்லை. ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். தினமும் காலையில் ஜோதியம்மாள் வீட்டுக்கு இரண்டு குடம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவார். பிறகு பூக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பார். அந்த அம்மாள் கோலை ஊன்றிக்கொண்டு பின்னால் வருவார். கண்ணாயிரத்தின் ஷெட்டைத் தாண்டித்தான் இரண்டு பேரும் போவார்கள். அந்த நேரத்துக்கு அவர் கம்ப்ரெஸரைப் போட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பார். மூன்று வருடம் அப்படித்தான் நின்றார்.

2004இல் ஒரு நாள் வல்லரசே ஷெட்டுக்குள் வந்தார். கையில் துருப்பிடித்த மடக்கு நாற்காலி.

“அந்த அம்மா தரையில உக்கார முடியலன்னு சொல்றாங்கண்ணா. இது கெஸ்ட் ஹவுஸ்ல தூக்கிப் போட்டது. கொஞ்சம் பெயிண்ட் அடிச்சுக் குடுங்க.”

“வெச்சிட்டுப் போங்க.” கண்ணாயிரம் முகத்தைப் பார்க்காமல், “உங்க பொண்ணு எப்படி இருக்குது?” என்றார்.

“ஓவியாவா? வேங்கிக்கால்ல ஒரு ஆபீஸ்ல வேலைக்குச் சேந்துட்டாண்ணா. ஸ்கூட்டர் வாங்கிக்கிறேன்னு ஒரே அழுகை. நான் கூடவே கூடாதுன்னுட்டேன். நம்ம வீட்டுக் காலுக்கு நேரத்துக்குப் பிரேக் புடிக்கத் தெரியாதும்மா, ரத்தத்துலயே இல்லன்னு சொன்னேன்.”

விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர் அதை நம்பிவிட்டிருந்தார்.

கண்ணாயிரம் கையிலிருந்த ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தார். “வல்லரசு, உன் கால் மேல தப்பு இல்லப்பா” என்றார். பிறகு நிற்காமல் எல்லாவற்றையும் சொன்னார். டேப் ஒட்டாததை, கடைசி நட்டில் நினைவு வந்ததை, கூட்டத்தில் நின்றதை, ஸ்டேஷனில் குனிந்து பார்த்ததை.

“எந்தச் சக்கரம்?” என்று கேட்டார் வல்லரசு.

“வலது முன் சக்கரம்.”

“அப்ப வண்டி இடது பக்கம்தான் இழுத்திருக்கும்.”

“ஆமா.”

“நான் அன்னைக்கே சொன்னேன். சொன்னேனா இல்லியா?” அவர் குரல் உடைந்தது. “சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு, கடைசில நானே நம்பாம போயிட்டேன். தெனம் ராத்திரி அந்த ரோட்ட மனசுக்குள்ள ஓட்டிப் பாக்குறேன். எந்த எடத்துல என் கை திரும்புச்சுன்னு தேடுறேன்… மூணு வருஷம், கண்ணாயிரம்.” அண்ணா என்கிற வார்த்தை அதோடு போய்விட்டது. “கிளம்பு. அந்த அம்மாகிட்ட வந்து சொல்லு.”

ஜோதியம்மாள் வேப்ப மரத்தடியில் பூக்கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாயிரம் நின்றபடியே சொன்னார். அந்த அம்மாள் நாரை முடிந்து பல்லால் கடித்து அறுத்தார். வல்லரசைப் பார்த்தார்.

“நீ ஊத்துன தண்ணியக் குடிச்சுக்கினே உன்ன மனசுக்குள்ள திட்டிக்கினு இருந்தேன்பா. தெனமும். நீ பதிலுக்கு ஒரு வார்த்தை பேசல.” பிறகு கண்ணாயிரத்தின் பக்கம் திரும்பினார். “இந்தப் பக்கமாத்தானே தெனம் நடந்து போறேன். என் கோல் சத்தம் உனக்குக் கேக்கல?”

“கேட்டுச்சும்மா.”

“போயிடு. என் கண்ணு முன்னால நிக்காத.”

அன்று மாலையே கண்ணாயிரம் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். கேஸ் முடிந்துபோனது, இப்போது எதற்கு என்று கேட்டு அதிகாரி காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். அதன் நகலைக் கண்ணாயிரம் வல்லரசிடம் கொடுத்தார். வல்லரசு வாங்கிக்கொண்டு, வாசலிலேயே நிற்கவைத்துக் கதவைச் சாத்தினார். இரண்டு மாதத்தில் அவர் வேறொரு டிராவல்ஸில் டிரைவராகச் சேர்ந்தார். முதல் நாள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது அழுதுவிட்டார் என்று யாரோ சொல்லக் கேட்டார் கண்ணாயிரம்.

செய்தி ஊருக்குள் பரவியது. பழைய வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் வருவதை நிறுத்தினார்கள். மீதிப் பேர் வண்டியை விட்டுவிட்டு, “நெசமாவே நீங்கதானா?” என்று கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் “ஆமாங்க, நான்தான்” என்பார். அந்த இரண்டு சொல்லும் நாளாக ஆக லேசாகும் என்று நினைத்திருந்தார். ஆகவில்லை.

மழைக்காலத்தில் ஒரு காலை, ஷெட் வாசலில் கோல் தட்டும் சத்தம் கேட்டது. இந்த முறை அவர் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. ஜோதியம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

“குளிருக்குக் கால் கொடைச்சல் ஜாஸ்தியா இருக்குது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். அங்க வரிசைல என்னால நிக்க முடியாது. வல்லரசு மெட்ராஸ் போயிருக்கான்.”

கண்ணாயிரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத” என்றார் அந்த அம்மாள். “வேற ஆள் இல்ல, அதான் வந்தேன்.”

“தெரியும்மா” என்றார் அவர். ஷெட்டைப் பூட்டிவிட்டு ஆட்டோ பிடிக்க ரோட்டுக்கு நடந்தார்.